தீபாவளி விருந்து, சஷ்டி விரதம், நடைப்பயிற்சி: மூன்றும் ஒரே வாரத்தில் வந்தால் என்ன செய்கிறீர்கள்?

கேள்வி
பதிந்தவர்: சுங்கை சிப்புட் கிராணி

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் உள்ள ஒரு செம்பனைத் தோட்டத்தின் அலுவலகத்தில் கிராணியாக (எழுத்தராக) பணிபுரிகிறேன். வயது ஐம்பதை நெருங்குகிறது. பட்டணத்தை ஒட்டிய தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) வசிக்கிறோம். அம்மாவும் எங்களோடுதான் இருக்கிறார். தீபாவளியை அடுத்து வரும் ஒரு வாரத்தைப் பற்றி உங்களிடம் ஆலோசனை கேட்க விரும்புகிறேன்.

ஐப்பசி அமாவாசை முடிந்த மறுநாளே கந்த சஷ்டி விரதம் தொடங்கிவிடுகிறது. 2025இல் தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை வந்தது. 22ஆம் தேதி புதன்கிழமை விரதம் தொடங்கியது. 27ஆம் தேதி சூரசம்ஹாரம். இடையில் கிடைத்தது ஒரே ஒரு நாள். ஆட்டுக்கறி மணம் அடுப்படியை விட்டுப் போவதற்குள் காப்புக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. கிள்ளானிலும் ஜொகூர் பாருவிலும் இருக்கும் சொந்தங்கள் ஊருக்கு வந்து தங்குவதும் அதே வாரத்தில்தான். ஆண்டுதோறும் தேதி மாறினாலும் இந்த நெருக்கடி மட்டும் மாறுவதில்லை.

தோட்டத்திலும் அது ஓய்வான காலம் அன்று. ஆண்டின் பிற்பகுதியில் குலை அதிகமாக இறங்கும். லோரிகள் ஆலைக்கு ஓடியபடியே இருக்கும். பண்டிகைக்கு முன்பே தொழிலாளர்களுக்கு முன்பணம் போட வேண்டும் என்பதால், செக்ரோலை (தொழிலாளர் வருகை, சம்பளப் பதிவேட்டை) சரிபார்த்து முடித்துவிட்டு வீடு திரும்ப இரவாகிவிடும்.

இவற்றையெல்லாம் இதுவரை ஒருவாறு சமாளித்து வந்தேன். இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. அரசாங்க கிளினிக்கில் எடுத்த பரிசோதனையில் எனக்கு இனிப்புநீர் (நீரிழிவு) இருப்பது உறுதியாகி, இரண்டு வகை மாத்திரைகள் கொடுத்திருக்கிறார்கள். நாள்தோறும் நடக்கும்படி மருத்துவர் சொன்னதால், வேலை முடிந்ததும் பாடாங்கை (திடலை) சுற்றி நடப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். ஆனால் அக்டோபர், நவம்பர் மாதங்களில் நம் பக்கத்து மாலை மழையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. காலையில் நடக்கலாம் என்றால் ஆறரை மணிக்கும் இருட்டு விலகுவதில்லை. தெருநாய்களின் தொல்லை வேறு. விரத நாட்களில் வெறும் வயிற்றோடு நடப்பது நல்லதா என்பதும் எனக்குப் புரியவில்லை.

திருமணமான ஆண்டு முதல் சஷ்டிக்கு ஒருபொழுது இருந்து வருகிறேன். பகல் முழுவதும் தண்ணீர் மட்டும் அருந்திவிட்டு, மாலைப் பூசை முடிந்த பிறகு ஒருவேளை சைவ உணவு உண்பது வழக்கம். மூன்றாம் நாள் உபயம் எங்கள் குடும்பத்தினுடையது. தோட்டத்துக் கோவிலாக இருந்த காலத்தில் தாத்தா எடுத்த உபயம் அது. கோலகங்சாரில் என் அத்தை இருக்கிறார். அவர் வீட்டில் இலையில் உட்காராமல் எழுந்து வந்தால் ஆண்டு முழுவதும் சொல்லிக்காட்டுவார். மனைவியின் பெற்றோர் தெலுக் இந்தானிலும், அண்ணன் கூலிமிலும் இருக்கிறார்கள். எல்லா வீட்டுக்கும் போக வேண்டும் என்பது அம்மாவின் விருப்பம்.

மூன்றில் எதையும் விட்டுவிட எனக்கு மனமில்லை. ஆனால் மூன்றையும் பழையபடியே வைத்துக்கொள்ள உடம்பு இடம் கொடுக்காது என்றும் தோன்றுகிறது. விரதத்தை இலகுவாக்கிக்கொள்வது முறையாகுமா? அந்த ஆறு நாட்களும் நடப்பதை நிறுத்திவிட வேண்டுமா? அத்தையிடம் என்னவென்று சொல்வது? இதே நிலையில் இருப்பவர்கள் தங்கள் வழக்கத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

பதில் 1
பதிந்தவர்: பேராக் தாதி

வணக்கம் ஐயா. நான் ஓர் அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் தாதியாக இருக்கிறேன். உறவையும் விரதத்தையும் பற்றி மற்றவர்கள் நிறையச் சொல்வார்கள். நான் மாத்திரையிலிருந்து தொடங்குகிறேன். அது தெளிவாகாமல் மற்ற இரண்டையும் தீர்மானிக்க இயலாது.

இரண்டு வகை மாத்திரை என்கிறீர்கள். அட்டையில் அவற்றின் பெயரைப் பாருங்கள். மெட்ஃபார்மின் மட்டும் உட்கொள்பவருக்குப் பட்டினியால் சர்க்கரை அபாய அளவுக்கு இறங்குவது அரிது. கிளிக்லசைட் போன்றவை அப்படியல்ல. அவை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. அதைக் காலையில் போட்டுக்கொண்டு மாலை வரை வயிற்றைக் காயப்போட்டால், சுரந்த இன்சுலினுக்கு வேலை கொடுக்க உணவு இருக்காது; சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடும். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, பார்வை மங்கல் ஆகியவை அதற்கான அறிகுறிகள். இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அதற்காக, விரதம் என்று சொல்லி மாத்திரையை நீங்களாகவே நிறுத்திவிடவும் கூடாது. எந்த மாத்திரையை எந்த வேளைக்கு மாற்றுவது, எதன் அளவைக் குறைப்பது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

நோன்பு மாதத்துக்குச் சில வாரங்கள் முன்பே முஸ்லிம் நோயாளிகள் எங்கள் கிளினிக்குக்கு வந்து மாத்திரை நேரத்தை மாற்றிக் கேட்பார்கள். மருத்துவர்களுக்கும் அது பழகிய வேலை; நோயின் நிலையைப் பார்த்து மாற்றிக் கொடுப்பார்கள், நோன்பு ஆகாதவரிடம் வேண்டாம் என்றும் சொல்லிவிடுவார்கள். சஷ்டிக்காக அப்படிக் கேட்டு வரும் நம்மவர்கள் மிகவும் குறைவு. சொன்னால் திட்டுவார்களோ என்ற பயத்தில் ஒன்றும் சொல்லாமல் விரதம் இருந்துவிட்டு, மயங்கி விழுந்த பிறகு தூக்கிக்கொண்டு வருகிறார்கள். “டாக்டர், ஆறு நாள் புவாசா (நோன்பு) இருக்கப் போகிறேன், மாலையில்தான் சாப்பாடு” என்று ஒரு வரி சொன்னால் போதும்; அவருக்கு உடனே விளங்கிவிடும். தீபாவளிக்குப் பிறகு போய்க் கேட்காமல், ஒரு மாதம் முன்பாகவே கேட்டுவிடுங்கள்.

வீட்டில் விரலில் குத்திப் பார்க்கும் கருவி இருக்குமானால் விரத நாட்களில் காலையிலும் பிற்பகலிலும் பாருங்கள். சர்க்கரை 3.9 mmol/L அளவுக்குக் கீழே இறங்கினாலும் 16.6க்கு மேலே ஏறினாலும் அங்கேயே நோன்பை முடித்துக்கொள்ள வேண்டும் என்று நோன்பு மாதத்துக்கான மருத்துவ வழிகாட்டியில் இருக்கிறது; சஷ்டிக்கும் அதே அளவை வைத்துக்கொள்ளலாம். சர்க்கரை இறங்கியிருந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, கால்மணி நேரம் கழித்து மறுபடியும் பாருங்கள். “மாலைப் பூசைக்கு இன்னும் ஒரு மணி நேரம்தானே, பொறுத்துக்கொள்வோம்” என்ற எண்ணம்தான் ஆபத்தானது.

நடையை நிறுத்த வேண்டியதில்லை, நேரத்தை மாற்றினால் போதும். பிற்பகல் நான்கு, ஐந்து மணி என்பது ஒருபொழுது இருப்பவருக்கு உடம்பில் சக்தி மிகக் குறைந்திருக்கும் வேளை. அப்போது பாடாங்கைச் சுற்றிவர வேண்டாம். இரவு சாப்பிட்டு அரைமணி நேரம் கழித்து, பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தாலே உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரை ஓரளவு கட்டுப்படும். மழை பெய்தால் வீட்டுக் கூடத்திலும் கார் நிறுத்தும் கொட்டகையிலும் நடக்கலாம். வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது இருக்க வேண்டும் என்று முன்பு விதித்திருந்த நிபந்தனையை 2020இல் வெளியிட்ட வழிகாட்டியில் எடுத்துவிட்டார்கள். ஆகவே ஐந்து நிமிடம் நடந்தாலும் கணக்கில் சேரும்.

விருந்து வீடுகளைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். முறுக்குக்கும் அதிரசத்துக்கும் பயப்படுகிறவர்கள், வீட்டுக்கு வீடு நீட்டப்படும் ரோஸ் சிராப்பையும் குளிர்பானத்தையும் கவனிப்பதில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குவளை என்று குடித்து வந்தாலே அன்றைய சர்க்கரை எங்கோ போய்விடும். பலகாரத் தட்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு, குடிப்பதற்கு வெறும் தண்ணீரைக் கேளுங்கள். யாரும் தவறாக நினைப்பதில்லை. 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டிலுள்ள பெரியவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு இந்நோய் இருக்கிறது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் விகிதம் அதிகம். நீங்கள் போகிற வீட்டிலும் யாராவது ஒருவர் அதே மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருப்பார்.

---

பதில் 2
பதிந்தவர்: ஓய்வுபெற்ற வாத்தியார்

தம்பிக்கு வாழ்த்துகள். தாதியம்மா சொன்ன மருத்துவச் செய்திகளுக்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. விரதத்தையும் உறவையும் பற்றி என் கருத்தைச் சொல்கிறேன்.

நீங்கள் குறிப்பிடும் மூன்றில் சஷ்டி ஒன்றுக்குத்தான் நாள் கட்டுப்பாடு உண்டு. பிரதமை தொடங்கிச் சஷ்டி முடிய என்று திதியோடு அது கட்டப்பட்டிருக்கிறது. உறவினர் வீட்டுக்குப் போவதற்கு அப்படி ஒரு திதியும் கிடையாது. நம் நாட்டில் தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பு வாரக்கணக்கில் நீள்கிறது. கார்த்திகை தீபத்துக்கு முன்னால் போய் நின்றாலும் “தீபாவளிக்கு வந்திருக்கிறார்கள்” என்றுதான் வீட்டார் வரவேற்பார்கள். ஆகவே நகர்த்த முடியாததை அதன் இடத்தில் வைத்துவிட்டு, நகர்த்த முடிந்ததை நகர்த்துங்கள். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். எட்டு வீட்டை ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்று காரில் பறந்து, ஒரு வீட்டிலும் அரைமணி நேரம் உட்காராமல், வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். அதைப் பார்க்கும்போது, பேசாமல் தொலைபேசியில் அழைத்து நலம் விசாரித்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றும்.

இந்த அலைச்சல் நமக்குப் புதிது என்பதையும் நினைத்துப் பாருங்கள். நான் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவன். தீபாவளியன்று காலை எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுத்துணி உடுத்தி, லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தால் பெரியப்பா, சித்தப்பா, மாமன் எல்லோர் வீடும் முடிந்துவிடும். கோவில் நடுவில் இருந்தது. பிரதமையன்று சாயங்காலம் கிணற்றடியில் குளித்துவிட்டு ஈரவேட்டியோடு போய்க் காப்புக் கட்டிக்கொள்வோம். உடற்பயிற்சி என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை. ரப்பர் பால் வெட்டி வாளி சுமந்தவர்களிடம் நடக்கச் சொல்ல எந்த வைத்தியனும் துணிந்திருக்க மாட்டான். 1950களில் தொடங்கித் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது அந்த வாழ்க்கை குலையத் தொடங்கியது. நம் சுங்கை சிப்புட் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதே, தொழிலாளர்கள் பணத்தைத் திரட்டித் தோட்டங்களைத் தாங்களே வாங்கிக்கொள்ள வழி செய்வதற்காகத்தான். பிறகு பல இடங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. ஒரே லயத்தில் இருந்தவர்கள் தாமான் தாமானாகப் பிரிந்தார்கள். முன்பு கூப்பிடு தூரத்தில் இருந்த உறவைப் பார்க்க இன்று நெடுஞ்சாலையில் கார் ஓட்டுகிறோம். அப்படியிருக்க, லயத்துக் காலத்துப் பட்டியலை அப்படியே வைத்துக்கொண்டு எல்லா வீட்டுக்கும் ஒரே வாரத்தில் போக வேண்டும் என்பது நடக்காத காரியம். உங்கள் அம்மாவிடம் நயமாக இதைச் சொல்லுங்கள். அவருக்கும் லயம் நினைவிருக்கும்.

அத்தை விஷயத்துக்கு வருகிறேன். தீபாவளிக்கும் காப்புக் கட்டுக்கும் இடையில் வரும் அந்த ஒரு நாளை நீங்கள் பயன்படுத்திக்கொள்ளவில்லை என்று நினைக்கிறேன். 2025இல் அந்தச் செவ்வாய்க்கிழமை அமாவாசை. பல வீடுகளில் அன்று சைவம்தான். ஒரு நாள் விடுப்பு எடுப்பதாக இருந்தால் அன்றைக்கு எடுங்கள். முந்திய வாரமே அத்தையை அழைத்து, “அத்தை, மறுநாள் காப்புக் கட்டுகிறேன், அதற்கு முன்னால் உங்கள் கையால் சாப்பிட வேண்டும், அமாவாசையன்று மதியம் வருகிறேன்” என்று சொல்லிப் பாருங்கள். விரதத்துக்கு முன் தன் வீட்டில்தான் கடைசிச் சாப்பாடு என்றால் எந்த அத்தை கோபிப்பார்? உங்களுக்கும் கறிக்குப் பதில் கூட்டும் ரசமும் கிடைக்கும். முன்கூட்டிச் சொல்லாமல் போய் இலையின் முன்னால் நின்றுகொண்டு “விரதம்” என்று சொன்னால்தான் சமைத்தவருக்கு மனம் நோகும்.

விரதத்தை இலகுவாக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். நம் பெரியவர்களே அதற்குப் படிகள் வைத்திருக்கிறார்கள். முதல் நாள் ஒரு மிளகு, இரண்டாம் நாள் இரண்டு என்று மிளகும் தண்ணீருமாக இருப்பவர்கள் உண்டு. இளநீர் மட்டும் குடிப்பவர்கள் உண்டு. பாலும் பழமும் உண்பவர்கள், ஒருபொழுது இருப்பவர்கள், மூன்று வேளையும் சைவமாக உண்டு மாலையில் கோவிலுக்கு வருபவர்கள் என்று எல்லோரும் ஒரே சன்னதியில்தான் நிற்கிறார்கள். நோயாளியும் முதியவரும் கர்ப்பிணியும் உடம்பை வருத்த வேண்டியதில்லை என்பது வழிவழியாக வரும் வழக்கம். மருத்துவர் ஒருபொழுது வேண்டாம் என்றால், அளவோடு மூன்று வேளை சைவ உணவு உண்டு, ஆறு நாளும் தவறாமல் கவசம் படித்து, உபயத்தை முன்னின்று நடத்துங்கள். உங்கள் தாத்தா எடுத்த உபயம் தொடர வேண்டுமானால் நீங்கள் நலமாக இருக்க வேண்டும்.

வீட்டிலிருந்து கோவில் நடக்கக்கூடிய தூரம் என்றால், அந்த ஆறு நாட்களும் காரை எடுக்காமல் நடந்தே போய் வாருங்கள். நடையும் ஆயிற்று, வழிபாடும் ஆயிற்று.

---

பதில் 3
பதிந்தவர்: பெரிய மருமகள்

ஐயாவுக்கு வணக்கம். கேள்வியையும் மேலே உள்ள பதில்களையும் முழுமையாகப் படித்தேன். வேலை, மாத்திரை, அத்தை, அம்மா, அண்ணன் எல்லோரும் வந்திருக்கிறார்கள். உங்கள் மனைவி மட்டும் தம் பெற்றோரின் ஊரைச் சொல்லுமிடத்தில் ஒரு முறை வந்து போகிறார். அந்த வாரம் அவருக்கு எப்படி இருக்கும் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் நான் பெரிய மருமகள். நானும் சஷ்டி இருக்கிறேன். தீபாவளிக்கு முந்திய நாள் முன்னோர் படையல். அன்று இரவே மறுநாளைக்கு மாவு, மசாலா, கறி எல்லாம் தயாராக வேண்டும். தீபாவளியன்று விடியற்காலையிலிருந்து இரவு வரை அடுப்பு அணையாது. அதற்கடுத்த நாள் வெங்காய வாடை இல்லாமல் அடுப்படியைக் கழுவித் துடைத்து, கறிச்சட்டிகளைப் பிரித்து மேலே ஏற்றி, விரதச் சட்டிகளை இறக்க வேண்டும். காப்புக் கட்டிய பிறகும் விருந்தாளிகள் வருவது நிற்பதில்லை. அவர்களுக்குக் கோழிக்கறி, விரதக்காரர்களுக்குத் தனிச் சமையல் என்று இரண்டு அடுப்பில் நின்றுகொண்டு, பசியோடு உப்புப் பார்க்கவும் முடியாமல் சமைத்திருக்கிறேன். கறி உப்புக் கரித்ததாகச் சிலர் குறை சொல்லிவிட்டுப் போனதும் உண்டு.

இதற்கு நாங்கள் கண்ட வழி, காப்புக் கட்டிய நாளிலிருந்து திருக்கல்யாணம் முடியும் வரை வீட்டில் யார் வந்தாலும் சைவம்தான் என்று அறிவித்துவிட்டதுதான். தொடக்கத்தில் மாமியாருக்குச் சங்கடம். விருந்தாளிக்குக் கறி வைக்காமல் அனுப்புவதா என்று கேட்டார். ஆனால் அண்டை வீட்டு மலாய்க் குடும்பத்தார் தோசையையும் சாம்பாரையும் விரும்பிச் சாப்பிட்டு, மீதிச் சட்னியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனதைப் பார்த்ததும் அவர் சமாதானம் அடைந்துவிட்டார். சீன நண்பர்களில் சைவம் உண்பவர்கள் இருந்தால் அவர்களுக்கும் இதுவே வசதி. ஒரே சமையல், ஒரே சட்டி என்றானதும் மாலையில் எனக்கு ஒரு மணி நேரம் மிச்சமாகிறது. பாத்திரம் கழுவுவதும் வருகிறவர்களுக்குத் தேநீர் கலக்குவதும் அந்த வாரம் ஆண்களின் வேலை என்றும் வைத்துக்கொண்டோம். இதையும் உடற்பயிற்சியில் சேர்த்துக்கொள்ளலாமா என்று தாதியம்மாதான் சொல்ல வேண்டும்.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு நடக்கும்படி தாதியம்மா சொன்னது நல்ல யோசனை. அப்போது மனைவியையும் அழைத்துப் போங்கள். இருட்டில் பெண்கள் தனியாக நடக்கத் தயங்குவார்கள். நீங்கள் இருந்தால் அவரும் நடப்பார், நாய்களுக்கும் ஒருவருக்கு இருவராக இருப்பீர்கள். வாத்தியார் ஐயா சொன்ன அமாவாசை மதியத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை: அத்தை வீட்டுக்கு நீங்கள் போய் வரலாம், ஆனால் உங்கள் வீட்டு அடுப்படி கழுவும் நாளும் அதுதான். மனைவியையும் அழைத்துக்கொண்டு போகிறீர்கள் என்றால், அந்த வேலையை யார் செய்வது என்பதை முதல் நாளே பேசி முடித்துவிடுங்கள்.

---

பதில் 4
பதிந்தவர்: இரவு ஷிஃப்ட்

வாத்தியார் ஐயா சொன்ன மற்ற எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்கிறேன். கோவிலுக்கு நடப்பதையும் பயிற்சிக்கு நடப்பதையும் ஒன்றாக்குவதில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. கோவிலுக்கு நடக்கும்போது பத்தடிக்கு ஒருவர் நிறுத்தி “எப்போது வந்தாய், பிள்ளைகள் எப்படி” என்று கேட்பார். கையில் பால்செம்பு இருக்கும், அவசரமாக நடந்தால் சிந்திவிடும். மூச்சு சற்று வாங்கும்படி நடந்தால்தான் நடை என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கோவிலுக்கு நடப்பதை வழிபாட்டின் பகுதியாக வைத்துக்கொண்டு, பயிற்சிக்குத் தனியாகப் பதினைந்து நிமிடம் ஒதுக்குவதே நல்லது. இல்லாவிட்டால், பயிற்சிதான் முடிந்துவிட்டதே என்ற நினைப்பில் ஆறு நாளும் உண்மையான நடை இல்லாமலே போய்விடும்.

நான் ஒரு தொழிற்சாலையில் முறைமாற்று வேலை செய்கிறேன். இரவு ஷிஃப்ட் விழும் ஆண்டுகளில் ஒருபொழுது இருப்பதில்லை. இயந்திரத்தின் அருகில் தலைசுற்றினால் விரதத்தோடு விரலும் போய்விடும். சைவமாக இருந்து, சூரசம்ஹாரத்தன்று மட்டும் எப்படியாவது யாரிடமாவது ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு கோவிலில் இருப்பேன். விடுப்புக் கேட்பதாக இருந்தால் செப்டம்பரிலேயே கேளுங்கள்; தீபாவளி நெருங்கும்போது எல்லோரும் கேட்பார்கள், யாருக்கும் கிடைக்காது.

---

கேள்வி கேட்டவரின் மறுமொழி
பதிந்தவர்: சுங்கை சிப்புட் கிராணி

பொறுமையாக எழுதிய அனைவருக்கும் நன்றி. மாத்திரை அட்டையைப் பார்த்தேன். ஒன்று மெட்ஃபார்மின், மற்றொன்று கிளிக்லசைட். ஆகவே தாதியம்மா சொன்னபடி கிளினிக்கில் அடுத்த தவணைக்குப் போகும்போது விரதத்தைப் பற்றிக் கேட்கப் போகிறேன். ஒருபொழுது கூடாது என்று மருத்துவர் சொன்னால், வாத்தியார் ஐயா கூறியபடி அளவோடு மூன்று வேளை சைவம் உண்டு விரதத்தைத் தொடர்வேன். அதை அம்மாவிடம் சொல்லும் பொறுப்பைக் கோவில் குருக்களிடம் விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். நான் சொன்னால் சோம்பல் என்பார், குருக்கள் சொன்னால் கேட்டுக்கொள்வார்.

பெரிய மருமகள் அம்மா எழுதியதை மனைவியிடம் படித்துக் காட்டினேன். அந்த ஆறு நாட்களும் வீட்டில் சைவம் மட்டும் என்பதற்கு அவர் உடனே சம்மதித்துவிட்டார். அமாவாசை காலையில் அடுப்படி கழுவும் வேலை எனக்கும் மகனுக்கும் என்று முடிவாகியிருக்கிறது. மகனிடம் இன்னும் சொல்லவில்லை. அதை முடித்துக்கொண்டு மதியம் கோலகங்சார் போவோம். தெலுக் இந்தானுக்குத் திருக்கல்யாணம் முடிந்து வரும் சனிக்கிழமை போய் ஓர் இரவு தங்கி வரலாம் என்று மனைவி சொல்கிறார். அவருடைய பெற்றோருக்கும் அதுவே மகிழ்ச்சியாம், ஏனெனில் தீபாவளியன்று கூட்டத்தில் எங்களிடம் பேசவே முடிவதில்லையாம்.

கூலிம்தான் இன்னும் முடிவாகவில்லை. அண்ணன் சூரசம்ஹாரத்துக்கு முந்திய நாள் திறந்த இல்ல உபசரிப்பு வைக்கிறார். தேதியை மாற்ற அவருக்கு வழியில்லை, மண்டபத்துக்குப் பணம் கட்டிவிட்டார். அன்று நான் போய் மேசையில் தண்ணீரோடு உட்கார்ந்திருப்பதா, அல்லது அம்மாவை மகனோடு அனுப்பிவிட்டுப் பிறகு ஒரு நாள் தனியாகப் போவதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டாவதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. அண்ணனிடம் இந்த வார இறுதியில் பேசிவிடுவேன். மகனுக்கு வாகன உரிமம் புதிது என்பதால், அம்மா அவனோடு நெடுஞ்சாலையில் போகச் சம்மதிப்பாரா என்பதையும் கேட்டுப் பார்க்க வேண்டும்.